ஆற்றில் தனியாக நிற்கிறவனுக்கு ஒரு ரீல்

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் பஸ் படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது, மற்றபடி பொழுது ஓடுகிறது. நீ சௌக்கியமா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "நல்லாருக்கேம்மா" என்று சொல்லிவிடுவாய், அதனால் அதைக் கேட்காமலே மேலே போகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், இல்லாவிட்டால் "சரிம்மா, வேலை இருக்கு" என்பாய். காகிதத்தில் அதற்கெல்லாம் வழியில்லை, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

கடையில் முதலாளி கண் பரிசோதிக்கப் புது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். அதை இயக்கத் தெரிந்தவர் வாரத்தில் ஒருநாள்தான் வருகிறார், மற்ற நாளெல்லாம் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறோம், யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. என் வேலை அதேதான். கண்ணாடி பிரேமை மூக்குக்குத் தக்கபடி வளைப்பது, கழன்ற ஸ்குரூவைத் தேடிப் போடுவது, முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு "நல்லாருக்கா?" என்று கேட்கிறவர்களிடம் உண்மையில் பாதியைச் சொல்வது. வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று நாளை ஓட்டுகிறார். இவ்வளவுதான் இங்கத்திய செய்தி. இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறக்கவே கூலி கேட்கிறவன், அன்று மூச்சு விடாமல் பேசினாய். ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறாயாம், சென்டர்பின் என்று ஒரு ரீல் வாங்கவேண்டுமாம், அதுதான் முதல் ரீலாம், எதை வாங்குவதென்று குழப்பமாம். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சட்டிக்கு வந்த பிறகுதான். ஆனாலும் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதற்காக உம் கொட்டிக்கொண்டிருந்தேன். நடுவில், "இப்போ ரொம்ப செலவு பண்ண முடியாதும்மா, கையைக் கடிக்காத விலையில பாக்கணும்" என்றாய். அதையும் கேட்டுக்கொண்டேன்.

நம் கடைக்குத் தூண்டில் சாமான் விற்கிற ஒருவர் வருவார், தூண்டில்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். தன் மூக்குக்கண்ணாடிமேல் தானே உட்கார்ந்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு கொண்டுவந்து நீட்டுவார், நான் நிமிர்த்திக் கொடுப்பேன். அந்த உரிமையில் புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவர் கடைக்குப் போய் நின்றேன். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்கவேண்டிய கடை, சுவரெல்லாம் தூண்டில் கோல்கள். என் பிள்ளைக்கு ஒரு சென்டர்பின் பார்க்கவேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று ரீல்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது, ஒன்று சாதாரணக் கறுப்பு, மூன்றாவது யாரோ உபயோகித்து விற்றுவிட்டுப் போனது, விளிம்பில் பூச்சு தேய்ந்திருந்தது. இதில் கியர் கிடையாதாம். நடுவில் ஒரு ஊசி, அதன்மேல் சுற்றும் ஒரு வட்டு, அவ்வளவுதான். தக்கையை ஆற்றில் விட்டால் தண்ணீரின் இழுப்பிலேயே வட்டு சுழன்று தூண்டில் நரம்பை விட்டுக்கொண்டே போகும், பிரேக் வேண்டுமென்றால் விளிம்பில் கட்டைவிரல். பளபளப்பானதைத் தட்டிவிட்டார், சுற்றியது, சுற்றியது, நான் கடையை ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவே பிடித்துப்போனது. அவர் கையமர்த்தி, "ரொம்ப நேரம் சுத்துறது கண்ணுக்குத்தாம்மா. மெல்ல இழுத்தா கிளம்புதான்னு பாருங்க" என்று சொல்லி, நரம்பு நுனியில் ஒரு சின்ன ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். பளபளப்பு அசையவில்லை. கறுப்பு கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது. பழையது குண்டு தொங்கியதுமே கிளம்பிவிட்டது. அப்புறம் வட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அது எனக்குத் தெரிந்த வேலை, கண்ணாடிக் காம்பு ஆடுகிறதா என்று தினமும் பார்க்கிற கைதானே. கறுப்பு நூலிழை ஆடியது, அந்த விலைக்கு அது இருக்கும் என்றார். பழையது துளியும் ஆடவில்லை. ஆக, உன் கையிருப்புக்கு வாங்குவதானால் மினுக்குவதைப் பார்த்து மயங்காதே. ஈயக்குண்டுக்குக் கிளம்பவேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது, கைக்குக் கனக்கக்கூடாது. கடையில் பார்த்ததும் வாங்காதே, கோலில் மாட்டிக் கொஞ்ச நேரம் பிடித்து நில். பிரேமும் அப்படித்தான், கடைக்குள் அழகாக இருக்கும், தெருவுக்குப் போனதும் மூக்கை அழுத்தும்.

நான் கிளம்புகிற நேரத்தில் தூண்டில்காரர், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகி நாலு வருஷம் ஆயிற்று என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதிசயமா இருக்கே. வீட்ல காத்துக்கிட்டு ஆள் இருந்தா எவனும் இதுல ஆரம்பிக்க மாட்டாம்மா. கியர் ரீல்னா வீசினோமா சுத்தினோமான்னு மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். இது நாள் பூரா ஆளை முழுங்கும், கண்ணும் கையும் வேற எங்கேயும் போக முடியாது" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பேசிய அத்தனை பேச்சிலும் "நாங்க" என்ற சொல்லே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நான் போவேன்", "நான் நிப்பேன்", "எனக்கு ஞாயித்துக்கிழமை பூரா சும்மாதான்." இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் "இப்போ" செலவு செய்ய முடியாது என்றாயே, அந்த "இப்போ" எங்கிருந்து வந்தது? மருமகளிடம் போனைக் கொடு என்று நான் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறாள் என்பாய், கடைக்குப் போயிருக்கிறாள் என்பாய், தூங்குகிறாள் என்பாய். ஒரு பெண் எத்தனை தடவைதான்டா குளிப்பாள்? உன் அம்மாவும் ஒரு மடச்சி, அத்தனையையும் நம்பிக்கொண்டு, சளி பிடிக்கப்போகிறது என்று அவளுக்குப் புத்திமதி வேறு சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் நானே அவளைக் கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். "அத்தை" என்றாள். பிறகு, "அவர் இன்னும் சொல்லலையா அத்தை?" என்று கேட்டாள். போன வருஷக் கடைசியிலேயே பிரிந்துவிட்டீர்கள் என்றும், அவள் வேலை பார்க்கிற ஊருக்கே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்றும், உன் வாயால் நீயே சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிடாமல் இருந்தாள் என்றும் சொன்னாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். காரணம் கேட்டேன். "சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல அத்தை, ரெண்டு பேருக்கும் பேச்சே நின்னுபோச்சு" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன், அழுது முடித்ததும் உன்மேல் கோபம் கோபமாக வந்தது, அந்தக் கோபத்தில் அடுப்பு மேடையை இரண்டு தடவை துடைத்தேன். உன்னைப் பெற்றவள்டா நான், எனக்குத் தெரிந்தால் என்ன தலையா போய்விடும்? ஒரு வீட்டில் தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாக ஆற்றில் போய் நிற்கப்போகிறாய், அதற்கு நான் ரீல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்துவிடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை, அது உங்கள் பாடு. யார்மேல் தப்பு என்று விசாரிக்கவும் மாட்டேன். மீன் பிடிக்கப் போகாதே என்றும் சொல்லமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பதற்குப் பதில் ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பது எவ்வளவோ மேல், போய் நில். ஆனால் ரீல் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், தட்டாதே. தபாலில் வரவழைக்காதே. அந்தக் கறுப்பு மாதிரி ஒன்று உன் விலைக்கு அகப்படும், பெட்டியில் வரும், வாசலில் வைத்துவிட்டுப் போவான், நீயும் ஒரு முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போவாய். வேண்டாம். பழையதாக, ஒரு மனுஷனிடமிருந்து, நேரில் போய் வாங்கு. ஆற்றங்கரையில் விசாரித்தால் யாராவது ஒருத்தர் ஒன்றுக்கு மூன்றாக வைத்திருப்பார், அவர் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பார் என்று தூண்டில்காரர் சொல்கிறார். அவரிடம் போ. ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல். நரம்பு எப்படிச் சுற்றுவது, கட்டைவிரலை எங்கே வைப்பது என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேள், உனக்குத்தான் நிஜமாகவே ஒன்றும் தெரியாதே. டீ குடிக்கிறாயா என்று கேட்டால் உன் வழக்கப்படி "பரவால்லைங்க" என்று நழுவாதே, உட்கார்ந்து குடி. விலையில் கொஞ்சம் பேரம் பேசு, பேரம் பேசினால் பேச்சு வளரும்.

உன்னை இவ்வளவு திட்டிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. மாடிவீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்து வெகுநாளாகிறது, உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பின்னால் பேச்சும் சிரிப்புமாகக் கேட்குமே, "யாரும்மா வந்திருக்காங்க?" என்பாய், மாடிவீட்டு ஆட்கள்டா, வந்தால் போகவே மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்வேனே, அது டிவி. நீ கூப்பிடுகிற நேரம் நெருங்கினால் நானே எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்று அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ கவலைப்படக்கூடாது என்றுதான். நீ அங்கே எந்த நினைப்பில் சொன்னாயோ, அதே நினைப்பில்தான் நான் இங்கே சொன்னேன். கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், மறுநாள் கடையைத் திறக்கும்வரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சில நாள் என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. போதும், அழுவதற்காக இதை எழுதவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீரில் நிற்கிற நாளில் காலுக்குக் கனமான காலுறை போட்டுக்கொள். என் மனசெல்லாம் உன்னோடுதான் இருக்கிறது, நீ நல்லபடியாக இருப்பாய், இருக்கவேண்டும், என் ஆயுசும் சேர்த்து உனக்குக் கிடைக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அன்று நான் டிவியைப் போடப்போவதில்லை, இந்த வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே உனக்குக் கேட்கும். உன் வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்கும் கேட்கட்டும். பேச ஒன்றும் வராவிட்டால் பேசவேண்டாம், இரண்டு பேரும் சும்மா இருப்போம், போனை மட்டும் வைத்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா