ஓடும்போதே கழற்றிய ஒயர்

செவ்வாய்க் கிரகம், இரண்டாம் ஊர்தி. எழுதுபவன்: ஞானப்பிரகாசம். வயது 51, தொப்பை உண்டு.

நாள் 212. காலை 9.10
வெளியே தூசிக்காற்று. பேட்டரி விளக்கு சிவப்பு. முகாம் 140 கிலோமீட்டர். மீத்தேன்-ஆக்சிஜன் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வேண்டும், காட்டுவது 12.1. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. என் மூச்சின் கரியமில வாயுவை அகற்றும் இயந்திரம் இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது நின்றால் நானும்தான்.

9.40
முகாமில் இருப்பவள் ஜெசிந்தா ஒருத்திதான். கல் ஆராய்ச்சிக்காரி. எனக்கு 'லவுடு ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்த புண்ணியவதி. கையேட்டைப் படித்துச் சொல்கிறாள்: “ண்ணே, முதல்ல ஆல்டர்னேட்டரச் சுத்துற பெல்ட்டப் பாருங்க. அப்புறம் மீட்டர வச்சு அளங்க. அவசரப்படாதிய.”

எனக்கே பாடம்! நான் வேலை பார்த்த தூத்துக்குடிப் பட்டறையில் மீட்டரா இருந்தது? இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுவோம். நின்றால் ஆல்டர்னேட்டர் காலி, ஓடினால் நல்லது.

10.05
கழற்றினேன். நிற்கவில்லை! ஒயரைக் கையில் பிடித்தபடியே ரேடியோவில் பீற்றிக்கொண்டேன்: “பாத்தியா புள்ள? ஓடும்போதே ஒயரக் கழட்டுனேன், ஒரு நிமிசத்துல சோதனை முடிஞ்சுது. கையேட்டத் தூக்கி அடுப்புல போடு.”

“இங்க ஏது அடுப்பு!” என்று சிரித்தாள்.

10.20
கருகல் வாசனை. பேட்டரி இல்லாமல் மின்னழுத்தம் எகிறிவிட்டது. வாயு இயந்திரத்தின் மின்பலகை கரி, சக்கரங்களை ஓட்டும் மின்பலகையும் கரி; ஊர்தி இனி நகராது. ரேடியோவில் அவள் குரல் கேட்கிறது. என் குரல் போகவில்லை. லவுடு ஸ்பீக்கருக்கு வாய்ப்பூட்டு.

பெல்ட்தான் தளர்ந்திருந்தது. ஒரே ஒரு போல்ட். முறுக்கினேன். 14.2. அருமையாகச் சார்ஜ் ஏறுகிறது. யாருக்கு?

11.30
“ண்ணே, ஏன் பேச மாட்டேங்கிய? மூணாம் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். நாலு மணி நேரத்துல வந்துருவேன்.”

தலை வலிக்கிறது. ஊர்திக் காற்றும் உடுப்புக் காற்றும் சேர்ந்தால் ஐந்து மணி நேரம். பிழைத்துவிடுவேன். வாழ்நாள் முழுக்க அவள் கேலியைக் கேட்பேன். சம்மதம்.

பகல் 1.15
“ண்ணே, இங்கயும் செவப்பு வெளக்கு. அதே தூசிதான். பயப்படாதிய, நீங்க சொன்ன சோதனை ஞாபகம் இருக்கு. இன்ஜின் ஓடுது. ஒயர்ல கை வச்சிட்டேன்.”

பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்துகிறேன். பெல்ட்டைப் பார் புள்ள. ஒயரைத் தொடாதே. தொடா

1.17
“ண்ணே! நிக்கல! ஓடுது பாத்தியளா!”

சிரிக்கிறாள்.

1.31
“ண்ணே, ஏதோ கருகுற வாசன வருதே. உங்க வண்டியிலயும் இப்படித்தான் வந்துச்சா?”

1.32
“ண்ணே?”