எங்க லைன்ல மாமாவுக்குக் காப்பி இல்லை

என்ற கூடப் பொறந்த தங்கமே, சரசக்கா,

முதல்ல நல்ல சேதியைச் சொல்லிர்றேன். உன்ற ஊட்டுக்காரர் நல்லா இருக்காரு. வாரத்துல ரெண்டு நாள் பஸ் ஏறி சேலத்துக்குப் போயி டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு, சாயங்காலம் மலையேறி வந்து என்கூட வம்புக்கு நிக்கறாரு. கிட்னி கெட்டவர் இருக்க, கல்லாட்டம் இருந்த நீ மாரடைப்புல போனியே, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

நீ போனதும் எஸ்டேட் லைன் ஊட்டுச் சனமே அவரைத் தாங்குச்சு. ஒரு ஊட்ல காப்பி, ஒரு ஊட்ல இளநி, இன்னொரு ஊட்ல ஆரஞ்சை உரிச்சே கையில குடுத்தாங்க. "நொம்ப வாடிப் போயிட்டாருங்க"ன்னு எல்லாம் பாசத்துலதான். நீ பக்கத்துல நின்னு முறைச்சா வேண்டாம்பாரு. இப்ப யாரு முறைக்கறது? டயாலிசிசுக்குக் கூப்பிட்டா, "அவளே இல்ல, போயி என்னத்துக்கு கண்ணு"ன்னு படுத்துக்குவாரு. காலு வீங்கி, மூச்சு வாங்கி, ஜீப்புல தூக்கிப் போட்டுக் கீழ எறக்கினோம். குடிக்கற தண்ணி இவர் ஒடம்புலயே தங்கிரும், இளநியும் பழமும் நெஞ்சையே நிறுத்திரும்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சத்தம் போட்டாங்க.

எனக்கு வந்துச்சே கோவம். ஊடு ஊடாப் போனேன். "ஏனுங்க, எங்க மாமாவுக்கு இனி ஒரு வாய் காப்பி ஊத்தினீங்கன்னா, பாடை கட்டவும் நீங்களே வந்துருங்க"ன்னு கத்திப்புட்டு வந்தேன். சனம் பயந்துக்குச்சு. வந்தவரை ஒண்ணும் குடுக்காம எப்படி உக்கார வெக்கறதுன்னு, அவரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிட்டாங்க. மாமாவுக்கு அதுதான் தாங்கலை. "வாங்கன்னு சொல்ல ஆளில்லாத ஊர்ல எதுக்குப் பொழைக்கறது"ன்னு மறுபடியும் படுத்துக்கிட்டாரு.

நர்சம்மாகிட்டயே போயி நின்னேன். தாகம் எடுத்தா ஒரு கிராம்பை வாயில அடக்கிக்கிட்டா போதும்னாங்க. அதையே புடிச்சுக்கிட்டு ஊடு ஊடாச் சொல்லி வெச்சேன். இப்ப எந்த ஊட்டுக்குப் போனாலும் "வாங்க"ன்னு உக்கார வெச்சு, கையில ஒரு கிராம்பு குடுக்கறாங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஊட்டம்மா அந்த ஒத்தைக் கிராம்பைத் தட்டுல வெச்சு நீட்டறதைப் பாத்தா நீ விழுந்து விழுந்து சிரிப்பே. தண்ணி தங்கி எடை ஏறலைன்னு நர்சம்மாவும் மெச்சிக்கறாங்க.

போன வாரம் நல்ல மழை. சேலம் ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னு போச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நான் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். மாமா மப்ளரைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. "எந்திரி கண்ணு, சுத்திப் போற குப்பனூர் ரோட்டுல வண்டி போகுதாம், கெளம்பு."

மலை எறங்கறப்ப ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே கேட்டாரு. "எனக்குப் பொழச்சுக் கெடக்கோணும்னு ஆசை வந்திருச்சு. உங்கக்கா கோவிச்சுக்குவாளா?"

எனக்கு அழுகைதான் வந்துச்சு. கோவிச்சுக்குவியா அக்கா?

கோவிச்சுக்கிட்டாலும் சரி, சத்தியமாச் சொல்றேன், அவரை இப்போதைக்கு உன்கிட்ட அனுப்பறதா இல்லை. எத்தனை வருசம் ஆனாலும் நீ காத்துக்கிட்டுத்தான் இருக்கோணும்.

உன்ற ஊட்டுக்காரரை விடாப்பிடியாப் புடிச்சு வெச்சிருக்கற
உன்ற தங்கச்சி,
செல்வி