நிற்கிற கால்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் சுகத்தைப் பற்றி நானே சொன்னால் பெருமையடிப்பதாக ஆகிவிடும், நான் மாடிப்படி ஏறினால் படிதான் மூச்சு வாங்குகிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராமல் இருக்கிறாயா என்று உன் சித்தி தினமும் கேட்கிறாள், அதற்குப் பதில் எழுது. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது, வந்த பிளம்பர் அதை முறைத்துப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. கையில் போன் இருக்கும்போது இவர் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நீ யோசிப்பாய். என் குரல் அடுத்த தெரு வரைக்கும் இலவசமாகப் போகிற குரல். இதுவோ சமையலறைக்குப் போகக் கூடாத சங்கதி.

சூறாவளிப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி போன வாரம் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் நான் இரண்டடி வளர்ந்துவிட்டேன், தலை விட்டத்தில் இடித்தது. அந்த நடிகர் சூறாவளி என்ற வீரனாகத் திரையில் எகிறி உதைத்து ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்திருந்த காலத்தில், வாரப் பத்திரிகையில் அவரைப் படக்கதையாக வரைந்தவன் உலகத்திலேயே, சந்திரனையும் சேர்த்துக்கொண்டால்கூட, நான் ஒருவன்தான். அண்ணனும் அண்ணியும் போன பிறகு நீ எங்கள் பிள்ளையாக வருவதற்கு முன்பே அந்தத் தொடர் நின்றுவிட்டதால், என் ராஜ்யம் உனக்கு வெறும் கேள்விஞானம். அந்தப் பழைய பக்கங்களைக் கறை நீக்கிச் சுத்தம் செய்யும் வேலை தேடிக்கொண்டு உன் கைக்கே வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல வேண்டியதில்லை, தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சினிமாவில் சூறாவளி வலது காலால்தான் உதைப்பார், படக்கதையில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இடது கால், இது நம்ம ஆள் இல்லை, வேறு யாரோ என்று ரசிகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை கேலி பேசுகிறார்கள் என்று பார்சலோடு வைத்த சீட்டில் எழுதியிருந்தாய். இனி ஒருவனும் சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று படங்களையெல்லாம் இடம் வலமாகத் திருப்பிவிட்டாய். அப்படித் திருப்பியதில் பக்கம் மாறிப்போன புருவத் தழும்பை மறுபடி உரிய இடத்தில் வரைந்து, கடைப் பலகை எழுத்துகளை நேராக்கி, சுவர்க் கடிகாரத்தைக்கூட விடாமல் சரிசெய்திருக்கிறாய். இந்த அன்புக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் கேலி பேசியவர்கள் சொன்னதும் சரிதான் அம்மா. அது வேறு யாரோதான். அது உன் சித்தி.

முகத்தைப் போஸ்டரைப் பார்த்தே வரைந்துவிடலாம். ஆனால் உதைக்கிற காலை அவ்வளவு பெரிதாகக் காட்டுகிற போஸ்டர், நிற்கிற காலைக் காட்டாது, அந்த இடத்தில் தியேட்டர் பெயரை ஒட்டிவிடுவார்கள். படக்கதைக்கோ இடுப்பு எப்படித் திரும்புகிறது, பாதம் எப்படித் தரையைப் பிடிக்கிறது எல்லாம் வேண்டும். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன், குதிரை வந்தது, அதுவும் மனக்கஷ்டத்தில் இருக்கிற குதிரை. அதைப் பார்த்துவிட்டுத்தான் உன் சித்தி என் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இஸ்திரி மேசை விளிம்பில் குதிகாலை வைத்து நின்றாள். சின்ன வயதில் பஸ்ஸிலிருந்து விழுந்ததிலிருந்து அவளுடைய இடது முழங்கால் தனியாகப் பாரம் தாங்காது என்பது உனக்கே தெரியும். அதனால் வலது காலில் நின்று இடதைத் தூக்கினாள், சூறாவளியும் அன்று முதல் இடது காலால் உதைக்க ஆரம்பித்தார். அடுப்பில் கருகல் வாசனை வந்தால், வில்லன் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று சொல்லி, காலை இறக்கிவிட்டுப் போவாள். சீக்கிரம் வரைங்க, சூறாவளிக்குக் கால் மரத்துப்போச்சு என்பாள். நான் பூட்ஸ் அடியில் எத்தனை ஆணி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பேன். இப்போது அவள் ஹாலிலிருந்து படுக்கையறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, அந்த ஆணிகளை எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டவர்களிடமெல்லாம் நாற்பது தடவை படம் பார்த்து வரைந்தேன், என்னைக் கண்டால் திரையே எழுந்து நிற்கும் என்று அளந்தேன். அவளும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று சிரித்தாள்.

பார்சல் வந்த மறுநாள் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது அவள் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தான் நின்ற நிற்பை மாற்றிவிட்டார்களே என்று வருந்துகிறாள் என நினைத்தேன். இப்போதே பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் பழையபடி திருப்பச் சொல்கிறேன் என்றேன், பதிப்பாளர் வீட்டு வாசலில் குறுக்கே படுக்கிறேன் என்றேன், அச்சு இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். எல்லா வீரமும் தீரும் வரை காத்திருந்துவிட்டு, படத்தில் உதைக்கிற காலை விட்டுவிட்டு மற்றக் காலைத் தொட்டுக் காட்டினாள். "இடது கால்ல நிக்கிறேன் பாருங்க. ஒண்ணையும் பிடிச்சுக்காம நிக்கிறேன். பிள்ளைகிட்ட எதுவும் சொல்லாதீங்க, இப்படியே இருக்கட்டும்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் அளக்காமல் அந்தக் காலையே பார்த்தேன். நம் குடும்ப வரலாற்றில் இதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

அதனால் உள்பக்கங்களில் ஒரு கோட்டையும் தொடாதே. அவை அவளுக்கு. அட்டை மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தாயே, அதைத் திருப்பாமல் வரைந்தது வரைந்தபடி எனக்கு விட்டுவிடு. இடது காலாலேயே உதைக்கட்டும், சிரிக்கிறவர்கள் வயிறு வலிக்கும் வரை சிரிக்கட்டும். புத்தகப் பெயரைப் போட இடம் வேண்டும் என்று கீழே வெட்டிவிட வேண்டாம், பாதம் வரைக்கும் முழுசாக வரட்டும் என்று பதிப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல். அந்த ஒற்றைக் காலில் அவள் நின்ற நிற்பைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்ததையெல்லாம் சூறாவளியின் கணக்கில் எழுதிவிட்டேன்.

நீ நன்றாக இரு, உன் கண்ணும் கையும் முதுகும் நூறு வயது வரை உன் சொல்லைக் கேட்கட்டும். இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறீர்கள் என்று சமையலறையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள், குளியலறைக் குழாயைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன். போன் பேசும்போது மறக்காமல் குழாயை விசாரி.

உதைத்த கால்களை மட்டும் புகழ்ந்து திரிந்த,
உன் சித்தப்பா