உன் பேனரில் இல்லாத வரி

மாப்ள,

நேற்றைய மழையில் கடை ஒழுகியது. பிரிண்டர்மேல் எதையாவது போட்டு மூடலாம் என்று பரணில் கைவிட்டேன். சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் ஒன்று கையில் வந்தது. பிரிக்கும்போதே மை வாடை குப்பென்று ஏறியது. முதலில் உன் நெற்றி தெரிந்தது. அப்படியே சுருட்டிவிட்டேன். பிரிண்டர் நனைந்தால் நனையட்டும் என்று இருந்துவிட்டேன்.

அது உன் கண்ணீர் அஞ்சலி பேனர். செய்தது நான்தான்.

விராலிமலையில் நாம் இந்த டிடிபி கடையைப் போட்ட நாளிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டே என் உயிரை வாங்கினாய். பெரிய பேனர்களை அச்சடிக்கப் புதுக்கோட்டைக்கு ஃபைல் அனுப்புவேன். எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பாய். "கர்வ் பண்ணிட்டியாடா?"

நம் பழைய ஃபான்டில் தமிழ் என்பது ஒரு வேஷம்தானே. கணினிக்குள் அது ஏதோ ஆங்கில எழுத்து. அந்த ஃபான்ட் இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும்; இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். அதனால்தான் எழுத்தை எல்லாம் படமாக மாற்றி அனுப்புவது, அதாவது கர்வ் பண்ணுவது. எனக்குத் தெரியாததா? "பண்ணியாச்சுடா, ஆளை விடு" என்று எரிந்து விழுவேன்.

இன்னொரு பிடிவாதமும் உன்னிடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை என்றால் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவாய். இறந்தவர் பேனருக்கு மட்டும் அது கிடையாது. புதுப் பக்கம்தான். "ஒருத்தர் பேர அழிச்சுட்டு அது மேல இன்னொருத்தர் பேர அடிக்கிறதுக்கு மனசு வரலைடா" என்பாய். வந்தவர்களை உட்காரவைத்து டீ சொல்லி, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பாய். டவுன் பஸ் ஓட்டிய ஒருவருக்கு 'கை காட்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தியவர்' என்று ஒரு வரி போட்டாய். அவர் மகன் அதைப் படித்துவிட்டு நம் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்கு அன்றைக்கும் எரிச்சல்தான். ஒரு பேனருக்கு அரைநாளா என்று கேட்டேன்.

நீ போன செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். பேனரை நானே செய்கிறேன் என்று சொன்னேன். அழுதுகொண்டே செய்தேன் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அழவில்லை மாப்ள. முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. அதற்கு முந்தின வாரம் நான் செய்திருந்த ஒரு ரைஸ்மில்காரரின் அஞ்சலி பேனரைத் திறந்தேன். அவர் படத்தை எடுத்துவிட்டு உன் படத்தை வைத்தேன். அவர் பெயரை அழித்து அந்த இடத்தில் உன் பெயரை அடித்தேன். மற்ற வரிகளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. கர்வ் பண்ணவில்லை.

அச்சடிக்கும் இடத்தில் அந்த வாரம்தான் கணினியை மாற்றியிருக்கிறார்கள். நம் ஃபான்ட் அதில் இல்லை. ஆபரேட்டர் வடக்கே இருந்து வந்தவர், தமிழ் படிக்கத் தெரியாது. வந்ததை வந்தபடி அடித்தார். அவரை என்ன சொல்ல?

காலையில் உன் ஊரான குளத்தூர் முக்கத்தில் இறங்கினேன். அச்சடித்த இடத்து ஆட்களே ராத்திரியோடு பேனரைக் கட்டிவிட்டிருந்தார்கள். உன் படம் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. கீழே ஆங்கில எழுத்தும் கொம்பும் புள்ளியுமாக ஒரே குப்பை. பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் மட்டும் ஒழுங்காக வந்திருந்தன. டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏப்பா, செத்தவரு எந்த நாட்டுக்காரரு? இங்கிலீசா இது?"

"இங்கிலீசும் இல்லைங்க. என்னமோ மந்திரிச்சு எழுதுன மாதிரில்ல இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நான் செய்தது என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ செய்த பேனரைப் பார்ப்பதுபோல நானும் அண்ணாந்து பார்த்தேன். பிறகுதான் ஏறி அவிழ்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வந்தபோது உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணே, அந்த போர்டுல அவங்களப் பத்தி என்ன போட்டிருந்தீங்க? யாருக்கும் படிக்க முடியலைல்ல."

"வழக்கமா போடுறதுதான் தங்கச்சி."

"அவங்களுக்குன்னு ஒரு வரி போட்டிருப்பீங்கள்ல? ஊருக்கெல்லாம் அவங்க போட்டாங்களே. அத மட்டும் சொல்லுங்கண்ணே."

ரைஸ்மில்காரருக்கு எழுதியதைத்தான் உன் தலையில் கட்டினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எழுத்து உடைந்து போனதில் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததே, அதை யாரிடம் சொல்வது? "கடையில இருக்கும்மா. எடுத்துட்டு வாரேன்" என்றேன். அன்றிலிருந்து குளத்தூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. புதுக்கோட்டையில் வேலை என்றால்கூட வேறு ஆளை அனுப்புகிறேன். இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

நேற்று மழை விட்டபிறகு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய ஃபைல் எதையும் தொடவில்லை. புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து உன் பெயரை அடித்தேன். அதற்குக் கீழே என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, மாப்ள. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

'ஒருவர் பெயரை அழித்து அதன்மேல் இன்னொருவர் பெயரை எழுதாதவர்.'

கர்வ் பண்ணி, நனையாமல் தப்பிய பிரிண்டரிலேயே அச்செடுத்து, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். குளத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் அண்ணே என்று தங்கச்சி கேட்பாள். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.