வாலில்லாத வானிலை அறிக்கை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நானாக முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் பதில் போடு. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், வீட்டுக்குத்தான் போன வாரம் முழுக்கத் தலை இல்லாமல் இருந்தது. பதறாதே, உட்கார்ந்து படி, கதை கொஞ்சம் நீளம்.

எங்கள் ஆபீஸ் பெரிய அதிகாரியை உனக்குத் தெரியுமே, நாங்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ‘ஓரிரு’ என்று கூப்பிடுவோமே, அவர் முழங்கால் ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டார். போகிற போக்கில் கடற்கரைப் பகுதிக்கான வார அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டார். இத்தனை வருஷமாகக் காற்றழுத்தம் பார்ப்பதும் வரைபடம் போடுவதும் நான், கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரேடியோவுக்கு அனுப்புவது அவர். அவர் அறிக்கை எதுவும் வாலில்லாமல் வாசல் தாண்டியதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் என்று எழுதினாலும் கடைசியில் ‘ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்’ என்று ஒரு வரியை ஒட்டிவிடுவார். பெய்தால் அப்பவே சொன்னோமே என்போம், பெய்யாவிட்டால் அந்த ஓரிரு இடம் உங்கள் இடமில்லை என்போம். எங்கள் ஆபீஸ் மொத்தமும் அந்த ஒரு வரிக்குக் கீழேதான் நனையாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை வரைபடத்தைப் பார்த்தால் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, ஈரம் என்பது பேருக்கும் இல்லை, ஆபீஸ் மரத்து இலை கீழே விழுந்தால் பழைய காகிதம் மாதிரி காலடியில் நொறுங்குகிறது. கை தன் பாட்டுக்கு வாலை எழுதப் போனது. அப்போதுதான் எனக்குள் ஒரு நமைச்சல், இதை எழுதாமல் விட்டால் என்னதான் ஆகும், ஊர் என்ன செய்யும் என்று. உனக்கே தெரியும், எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றிவிட்டால் சோறு இறங்காது. ‘கடற்கரையோரம் வாரம் முழுவதும் வறண்ட வானிலை, மழை இல்லை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன்.

ஊர் என்ன செய்தது என்பது இருக்கட்டும், உன் அப்பா என்ன செய்தார் என்பதைக் கேள். கல்யாணமான நாளிலிருந்து நான் மழை என்றால் கொடியில் துணி காயப்போடுகிறவர் அவர். கண்ணாடிக் கடையில் யாருக்கோ மூக்கில் ஃபிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் என் அறிக்கை வந்திருக்கிறது. வால் வரும் வரும் என்று காத்திருந்தாராம். வராமலேயே பாட்டுப் போட்டுவிட்டார்களாம். வந்தவரை அப்படியே உட்காரவைத்துவிட்டுக் கூரை மேஸ்திரிக்குப் போன் போட்டிருக்கிறார். மாடியில் உன் அறைக்கு மேலே இருக்கிற சட்டத்தைக் கரையான் தின்றுகொண்டிருப்பதும், மாற்றலாம் என்று ஒவ்வொரு வருஷமும் அவர் எழுந்திருப்பதும், ‘ஓரிரு இடம் நம்ம இடமா இருந்துட்டா?’ என்று திரும்ப உட்கார்ந்துகொள்வதும் உனக்குத் தெரிந்த விஷயம்தானே. மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறினால் உன் அறையிலிருந்து ஆகாயம் தெரிகிறது. ஓடெல்லாம் கீழே அடுக்கியிருக்கிறது. நடுவில் உன் அப்பா, மேளதாளம் மட்டும்தான் பாக்கி என்கிற முகத்தோடு நிற்கிறார். “என்னங்க இது?” என்றால், “நீதானே சொன்னே!” என்கிறார்.

உன் அறைச் சாமான் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டார்கள், உன் அலமாரியைத் தவிர. அது உன் அப்பா அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தது, செய்து முடித்த பிறகுதான் கதவைவிட அகலம் என்று கண்டுபிடித்தார். உள்ளே இருப்பதையாவது எடுத்து வைக்கலாமென்றால் பூட்டிச் சாவியை நீ கொண்டுபோய்விட்டாய். உன் படங்களும் புத்தகங்களும் உள்ளே என்பது மட்டும் தெரியும், வேறு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்க மாட்டேன், ஆனால் சொன்னால் காதில் வாங்கிக்கொள்வேன். கூரைதான் இல்லையே, மேல் வழியாகத் தூக்கிவிடலாமே என்று யோசனை சொன்னேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவிடம், “சார், ஒரு தார்ப்பாய் போட்டு மூடிடலாமா?” என்று கேட்டார். அப்பா, “எதுக்கு? எங்க வீட்டம்மா எழுதியிருக்காங்க, மழை இல்லை” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குக் குளிர் ஜுரம் வந்தது. மழை ஒரு தூறல் போட்டாலும் உன் காகிதமெல்லாம் கூழ், அவர் நம்பிக்கையும் அதோடு கூழ்.

இரண்டு நாள்கூட நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன், வாரத்தின் நடுவில் வரைபடத்தின் ஓரத்தில், நடுக்கடலில், ஒரு மேகத் திட்டு வந்து நின்றது. என் ஜூனியர் பெண், “மேடம், இது நம்ம பக்கம் வரவே வராது, காத்து வெளியே தள்ளுது பாருங்க” என்றாள். எனக்கும் தெரியும். மண்டைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தார்ப்பாய் வாங்கக் கிளம்பினேன். நம் தெருவில் வாங்க முடியுமா? வானிலை ஆபீஸ்காரியே தார்ப்பாய் வாங்குகிறாள் என்றால் என் அறிக்கையை யார் மதிப்பார்கள்? பஸ் ஏறி ஊரின் அந்தக் கோடிக்குப் போனேன், அப்பா கடையிலிருந்து கிளப்பிய பெரிய கறுப்புக் கண்ணாடியும் தலையில் ஒரு துண்டுமாக. பார்க்கிறவர்களுக்கு நான் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிற பாட்டியாகத் தெரிந்திருப்பேன். கடைக்காரர், “வாரம் முழுக்க மழையில்லைன்னு ரேடியோவுல எவளோ ஒருத்தி சொல்லிட்டா, என் வியாபாரமே படுத்துடுச்சு, நீங்களாவது வந்தீங்களே” என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அந்த எவளோ ஒருத்தி வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துத் திரும்பினால், பக்கத்துக் கடையில் பொத்தான் வாங்கிக்கொண்டு நம் தெருத் தையல்காரம்மா. என் முகத்தைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், மேலே ஆகாயத்தைப் பார்த்தாள். “அக்கா, நீங்களா?” என்றாள். அவ்வளவுதான். அவள் ஆட்டோவில் போனாள், நான் பஸ்ஸில் போனேன்.

நான் தெருமுனையில் இறங்கும்போது நல்ல சுள்ளென்ற வெயில், கொடியில் ஒரு கைக்குட்டை இல்லை. மெத்தைக்காரர் காயப்போட்ட பஞ்சை வாரி உள்ளே எறிந்துகொண்டிருக்கிறார். எதிர்வீட்டுச் சுவருக்குப் பாதி பெயின்ட் அடித்தவர் ஏணியை இறக்கிவிட்டார். நம் வீட்டில் மேஸ்திரி ஆட்கள் கீழே இறங்கிக் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள், மழை வந்து போன பிறகு வருகிறோம் என்கிறார்கள். அவர்கள் போனால் இந்த வறண்ட வாரத்துக்குள் வேலை முடியாது, அடுத்த வாரத்துக்கு நான் எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் கையிலிருந்த தார்ப்பாயைப் பார்த்து, “நான் உன்னை நம்பினதே இதுதான் முதல் தடவை, நீயே நம்பலையா?” என்று மட்டும் கேட்டார். தார்ப்பாயைப் பிரிக்காமல் அப்படியே மூலையில் சாய்த்துவைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தேன். அந்தத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்கு முன்னால் தெருவோரம் தரையில் விரித்தேன். அதன் மேல் கம்பளி, தலையணை, மெத்தை, போட்டோ ஆல்பம், என் ஒரே ஒரு நல்ல பட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினேன். நடுவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். தையல்காரம்மா வந்து நின்று, “என்னக்கா இது, கீழே போட்டிருக்கீங்க? மூடுறதுக்கு இல்லையா?” என்றாள். “மண்ணு ஒட்டக்கூடாதுல்ல, அதுக்குத்தான் வாங்கினேன்” என்றேன். மாடியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். மத்தியானம் கடல் பக்கம் அந்த மேகம் கண்ணுக்கே தெரிய வந்தது. தெரு முழுக்க அண்ணாந்து பார்க்கிறது, நான் மட்டும் பேப்பரைப் பார்க்கிறேன், ஒரே வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே, பேப்பர் தலைகீழாக இருந்ததாக மெத்தைக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அப்புறம் முதுகில் காய்ந்த காற்று ஒன்று பட்டது, தரையிலிருந்து. மேகம் யாரோ போகச் சொன்ன மாதிரி வந்த வழியே போனது. முதலில் ஏறியது பெயின்டர்தான், அவர் ஏணியைச் சாத்தின சத்தம் கேட்டதும், வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்த மேஸ்திரி ஆட்களும் ஏறினார்கள். வாரம் முடிவதற்குள் சட்டம் மாற்றி ஓடு வேய்ந்து முடித்துவிட்டார்கள். ஒரு சொட்டு விழவில்லை. உன் அலமாரி மேல் ஏகப்பட்ட மரத்தூள், அவ்வளவுதான் சேதாரம்.

ஓரிரு இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார், அதனால் இந்த வாரத்து அறிக்கையும் நானே எழுதினேன். வரைபடத்தில் காற்று திரும்பிவிட்டது, ‘செவ்வாய்க்கிழமை மழை பெய்யும்’ என்று எழுதினேன், பெய்யக்கூடும் இல்லை, பெய்யும். இன்றைக்குச் செவ்வாய். வெளியே பளிச்சென்று வெயில். அப்பா கடையை அரை நாள் மூடிவிட்டு, மேஸ்திரியையும் வரவழைத்தார், இரண்டு பேரும் உன் அறையில் நாற்காலி போட்டு ஆளுக்கொரு பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் கொடிகள் எல்லாம் காலி. நான் எழுதிக்கொண்டே ஜன்னலுக்குப் போய்ப் போய் வருகிறேன். மழை வந்தால் மேஸ்திரிக்குப் பரீட்சை, வராவிட்டால் எனக்கு.

அங்கே காற்று வறண்டிருந்தால் உதடு வெடிக்கும், தண்ணீர் நிறையக் குடி, கம்பளியை வெயிலில் போட மறக்காதே. உன் ஊர் ஆகாயம் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது, ரேடியோவில் சொன்னதை வேண்டாம், நீயே நிமிர்ந்து பார்த்து எழுது. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா மேலேயிருந்து ஏதோ கத்துகிறார், போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பேனாவை மூடாமல் மாடிக்கு ஓடுகிற
உன் அம்மா