கரிமூட்டத் தரையில் ஒரு கிண்ணக் காளான்

இன்று காலை எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து, கனிந்த கரியின்மேல் தண்ணீர் தெளித்தார். அந்த வாசம் வந்ததும் புத்தகப் பையோடு நின்றுவிட்டேன். உன் பின்னலில் எப்போதும் இருந்த வாசம் அது. வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாகி ஒரு மழைக்காலம் போய்விட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று என்னிடம் மீதி இருக்கிறது. நேரில் சொல்ல நீ இல்லாததால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பில், உன் நைனா வேர்க்கட்டைகளை அடுக்கி வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி கரிமூட்டம் போடுவார். உள்ளே கட்டை எரிந்துபோகாமல் நாள்கணக்கில் புகைந்து கரியாகும். கரியை அள்ளிய பிறகு அந்த இடம் வட்டமாகக் கறுத்துக் கிடக்கும். மழை பெய்தால் அங்கே முதலில் வருவது பாசிதான். அந்தப் பாசிக்குள் கடுகைவிடச் சிறிதாக, செம்மஞ்சளாக எதையோ நீதான் முதலில் பார்த்தாய்.

"இன்னாடி இது, யாரோ கேசரிப் பவுடரக் கொட்டினாப்பல கீது?"

அப்பாவின் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்தோம். கொட்டிய பொடி இல்லை, குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெளுத்த மெல்லிய பிசிறு. பாவாடையெல்லாம் கரியாகி அன்று நான் வீட்டில் வாங்கிய அடி உனக்குத் தெரியும்.

நூலகப் புத்தகத்தில் தேடி, கிண்ணக் காளான் என்று கண்டுபிடித்தேன். எரிந்த தரையில் வருபவற்றில் பல வகை உண்டு, எதைப் பற்றிக்கொண்டு வளர்கிறது என்று பார்த்தால்தான் எந்த வகை என்று சொல்ல முடியும் என்று எழுதியிருந்தது. பாசியைப் பற்றிக்கொண்டுதான் என்றேன் நான். நீ ஒப்புக்கொள்ளவில்லை.

"நாங்க கரியில பொயைக்கல? அதுவும் கரியத்தான் துன்னும். பாசியில இன்னா கீது, அத்தப் போயி துன்றதுக்கு?"

நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும், காயாமல் கொண்டு வாருங்கள் என்றார் விஞ்ஞான டீச்சர். காகிதத்தில் மடித்துக் கொண்டு போனோம். பள்ளிக்கூடம் போவதற்குள் சுருங்கிப்போய்விட்டது. "இது மண்ணும்மா" என்று டீச்சர் தட்டிவிட்டார். தோப்பில் மிச்சம் இருந்ததையாவது ஈரமாகக் காப்பாற்ற உனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாசியின்மேல் வைக்கோல் பரப்பி, மண் பூசி, மூட்டத்துக்கு விடுவதுபோல ஒரு துளையும் விட்டாய். உன் நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாரு போட்ட மூட்டம் இது? பொகையக் காணோமே. கரி எப்போ ரெடியாவும், மொதலாளியம்மா?"

சில நாள் கழித்துத் திறந்தபோது பாசி முழுவதும் அழுகிக் கொழகொழவென்று கிடந்தது. கட்டைக்கு நல்லதாக இருந்த இருட்டு பாசிக்கு ஆகவில்லை. நீ அன்று சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். அந்த மழையில் கிண்ணங்களோடு புதிதாக வந்திருந்த பாசியை நான் மண்ணோடு பெயர்த்து, அலுமினியத் தூக்கில் வைத்து, தண்ணீர் தெளித்து உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். கிண்ணத்தின்மேல் ஊதினால் அது தன் வித்துகளைப் புகைபோல விடும் என்று படித்ததைச் சொன்னேன். வாசல் வெயிலில் தூக்கைப் பிடித்தேன். நீ ஊதப் பார்த்தாய். இருமல்தான் வந்தது.

"நீயே ஊதுடி."

ஊதினேன். ஒரு நொடி கழித்து, நூல் போலப் புகை எழுந்து வெயிலில் கரைந்தது. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்த மாதத்தில் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

"மூட்டம் நல்லா புடிச்சிகிச்சு" என்றாய். "சீக்கிரம் பாத்துக்கினு வந்து சொல்லு. கரிதான் பாரு."

மறுநாள் டீச்சர் நுண்ணோக்கியை எடுத்துத் தந்தார். காளானின் இழைகள் பாசியின் வேர்போன்ற முடிகளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தன. பக்கத்திலேயே கரித்துணுக்கு கிடந்தது. அதை ஓர் இழைகூடத் தொடவில்லை. மணி அடித்ததும் தூக்கோடு ஓடி வந்தேன். தோப்பு திரும்பும்போதே உங்கள் வாசலில் பந்தல் தெரிந்தது. உன் அம்மா என் கையில் இருந்த தூக்கைப் பார்த்தார்.

"எத்தினி தபா கேட்டுச்சு கண்ணு, அவ வந்தாளா, அவ வந்தாளான்னு."

இப்போது தோப்பில் பாதி இல்லை. ஏதோ தொழிற்சாலைக்காகக் கல் நட்டிருக்கிறார்கள். உன் நைனா அங்கேயே ஜல்லி சுமக்கிறார். அவர் கடைசியாக மூட்டம் போட்ட இடத்தைப் போன வாரம் மழையில் போய்த் தேடினேன். புல் வந்துவிட்டது. புல்லுக்கு அடியில் பாசி இல்லை. பாசி இல்லாததால் கிண்ணமும் இல்லை.

ஆகவே பதில் பாசிதான். நான் சொன்னதுதான் சரி. நீ இருந்திருந்தால் இதை ஒப்புக்கொள்ளாமல் ஒரு வாரமாவது சண்டை போட்டிருப்பாய்.

அந்தத் தூக்கில்தான் இப்போது மதியச் சோறு கொண்டு போகிறேன். எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருக்கும் கறுப்பு போகவில்லை. மூடியைத் திறந்ததும் சோற்றின்மேல் ஒருமுறை ஊதுகிறேன். சூடா இருக்கா என்று பக்கத்தில் சாப்பிடுபவள் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.