வெட்டிய ஐந்தாவது நிரல்

சமையலறை இழுப்பறையைத் துப்புரவாக்கியபோது தேயிலைப் பெட்டியின் அட்டை ஒன்று அகப்பட்டது. பின்புறத்தில் உமது கையெழுத்தில் ஐந்து நிரல்கள்: பக்கம், செயல், நேரம், எண், மின்னஞ்சல். ஐந்தாவது குறுக்கே வெட்டப்பட்டிருக்கிறது. எறிய எடுத்ததை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீர் வாசிக்கப்போவதில்லை, ஆகவே பிழை பிடிக்கவும் மாட்டீர்.

ஓய்வுபெற்ற பின் ஒரு மரண அறிவித்தல் இணையத்தளத்துக்காக, பார்ப்பவர் செய்வதைப் பதியும் தரவுத்தளத்தை நாம் இருவரும் வரைந்தோம். நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து பஸ் எடுத்து, பக்கத்துப் பகுதியான கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டுக்கு வருவீர். பக்கத்தைத் திறப்பது, படத்தைப் பெரிதாக்குவது, அனுதாபம் எழுதுவது, மூடுவது: ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி. பார்ப்பவருக்கு நாமே கொடுத்த வெறும் எண்.

முதல் வாரம் பலர் திறந்தார்கள்; எவரும் அனுதாபம் எழுதவில்லை. பொத்தான் பழுதென்று இரண்டு நாள் மினக்கெட்டேன்.

"எங்கட சனம் பட்டனை அமத்தாது. கீழ கிடக்கிற நம்பரைப் பாத்துப் போன் அடிக்கும்," என்றீர்.

விரைவாக மூடுபவர் சலித்துப் போனவரல்லர், தொலைபேசியை எடுப்பவர் என்று எங்கள் கணிப்பைத் திருத்தினோம்.

தளத்தில் பதிந்தோரின் மின்னஞ்சலைச் சேர்த்தவள் நான். வெட்டியவர் நீர்.

"ஆர் பாத்தது எண்டு எங்களுக்கு என்னத்துக்கு? செத்தவீட்டு வாசல்ல நிண்டு பேர் எழுதுறதோ?"

"பேர் இருந்தால்தானே ஆராயலாம்."

"அதுக்குத்தான் பயப்பிடுறன்."

உமது தாயார் காலமானபோது அந்த வெட்டு உமக்கே வினையாக வந்தது. கர்க்லாண்ட் புறநகரில் இருக்கும் உமது தம்பி பல வருடங்களாக வீட்டாரோடு கதைப்பதில்லை. செத்தவீட்டுக்கும் வரவில்லை. எங்கள் தளத்தில் தாயாரின் அறிவித்தலைத் திறந்த எண்களை என் அருகிலிருந்து நெடுநேரம் பார்த்தீர்.

"இதில அவன் இருக்கிறானோ?"

"அஞ்சாவது நிரலை விட்டிருந்தால் சொல்லியிருப்பன்," என்றேன். அப்போது அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அது சரி. தேத்தண்ணியைப் போடும்," என்றீர். அந்த நிரலைத் திரும்பச் சேர்க்கும்படி நீர் கேட்கவேயில்லை.

இப்போது உமது அறிவித்தலும் அதே தளத்தில் இருக்கிறது, உமக்குப் பிடிக்காத படத்தோடு. ஒரே எண் தினமும் காலையில் அதைத் திறக்கிறது, படத்தைப் பெரிதாக்குகிறது, எதுவும் எழுதாமல் மூடுகிறது. தொடர்புக்குக் கொடுத்திருப்பது என் தொலைபேசி இலக்கம். அது அடிப்பதில்லை.

தளத்தை இப்போது பராமரிக்கும் சென்னைப் பெண் அந்த எண்ணைக் கவனித்துவிட்டுச் சென்ற வாரம் கேட்டாள்: "ஈமெயிலையும் சேர்த்து வச்சுடலாமா மேடம்? யாருன்னு தெரிஞ்சிடும்ல."

எனக்கு ஆசை வராமலில்லை.

"வேண்டாம். அது முந்தியே வெட்டினது," என்றேன்.

அட்டையை இழுப்பறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது தொலைபேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். அடித்தால், யாரென்று நான் கேட்கமாட்டேன். அவராகச் சொல்லட்டும்.